நாங்கள் எடுக்காத கையுறைகள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல மாதங்களாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். எழுதினால் நான் செய்த ஒரு காரியத்தை நானே வெளியில் சொல்ல வேண்டிவரும். அது சட்டப்படி தப்பும் இல்லை, அந்த வருடம் அதற்காக எனக்குப் பாராட்டுகூடக் கிடைத்தது, அதுதான் இன்னும் சங்கடம். போன வாரம் ஒரு கூட்டத்தில் யாரோ ஒருவர், "பொது மருத்துவமனைகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வாங்கினால் செலவு தானாகக் குறைந்துவிடும்" என்று சொன்னார். அறையில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள், நானும் சேர்ந்து ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்த பிறகு அந்தத் 'தானாக' தொண்டையில் மாட்டிய மீன்முள் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. தானாக எதுவும் குறையாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் அப்படிக் குறைந்த ஒரு விலையைத் திரும்ப ஏற்றிவிட்டவன் நான்.

ஒரு பெரிய பொது மருத்துவமனையின் ஸ்டோரில் கொள்முதல் பக்கம் வேலை பார்த்தேன். இண்டென்ட், அதாவது தேவைப் பட்டியல் வரும், ஸ்டாக் பார்ப்போம், டெண்டர் விடுவோம், விலைப்புள்ளி பிரிப்போம், ஆர்டர் போடுவோம், சரக்கு வந்ததும் எண்ணி எடுத்துக்கொண்டு பில்லை மேலே அனுப்புவோம். ஒரு கட்டத்தில் ஏழு மருத்துவமனைகள் சேர்ந்து கையுறையை மட்டும் ஒன்றாக வாங்கிப் பார்க்கலாம் என்று முடிவானது. ஏன் கையுறை? எல்லா இடத்திலும் தினமும் தீர்கிற சாமான், சீக்கிரம் கெட்டுப்போகாது, மருந்து விஷயத்தில் டாக்டர்கள் பிடிக்கிற பிடிவாதம் இதில் யாருக்கும் இருக்காது என்று நினைத்தோம். கடைசியாகச் சொன்னது சுத்தமான தப்புக் கணக்கு.

முதல் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் அவரவர் பட்டியலோடு வந்தோம். ஏழு பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் எங்களுக்கே விஷயம் புரிந்தது. ஒரே கையுறைக்கு நாலு பெயர், நாலு பெயருக்கு நாலு விலை. ஒருவர் ஜோடிக் கணக்கில் எழுதியிருந்தார், இன்னொருவர் ஒற்றைக் கணக்கில், மூன்றாமவர் பெட்டிக் கணக்கில், அந்தப் பெட்டியில் எத்தனை என்று அவருக்கே நிச்சயமில்லை. எங்கள் ஏழு பேரும் எவ்வளவு வாங்குகிறோம் என்ற ஒரே ஒரு எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது. விலை பேசுவதெல்லாம் அப்புறம்தான்.

நாங்கள் மட்டும்தான் இப்படி என்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகு இங்கிலாந்தின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையைப் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அவர்கள் 61 மருத்துவமனை அறக்கட்டளைகளின் (அங்கே பொது மருத்துவமனைகளை நடத்துகிற அமைப்புகளுக்கு அதுதான் பெயர்) கணக்கைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். கையுறையில் மட்டும் 652 வகை, நரம்பில் ஏற்றுகிற கேனுலாவில் 1,751 வகை. இதையெல்லாம் விடுங்கள், ஏ4 தாளில் 21 வகை! ஒரே தேசிய சுகாதாரச் சேவையின் கீழ், ஒரே அரசின் பணத்தில், பக்கத்துப் பக்கத்து மருத்துவமனைகள். அதற்கு ஐந்து வருடம் கழித்து, 2016இல், அதே சேவையின் மருத்துவமனைச் செலவை ஆராய்ந்து கார்ட்டர் பிரபு கொடுத்த அறிக்கையும் ஏறக்குறைய இதையேதான் சொன்னது: 22 அறக்கட்டளைகளுக்கு 30,000 சப்ளையர்கள், ஆர்டர் போடும் அதிகாரம் உள்ளவர்கள் 7,000 பேருக்கு மேல். படித்துவிட்டுச் சிரித்தேன். கையெழுத்துப் போடுகிற கை இத்தனை இருந்தால் விலை எப்படி ஒன்றாக இருக்கும்?

பெயர் மறைத்த நாலு பெட்டி

அடுத்தது எந்தக் கையுறை என்ற சண்டை. இதில் நான் நர்ஸுகள் பக்கம். வெளியில் இருப்பவர்களுக்கு இது அற்ப விஷயமாகத் தெரியலாம், ஆனால் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை மாட்டிக் கழற்றுகிறவர்களுக்கு மணிக்கட்டில் சுருண்டு இறங்குகிற கையுறையும் இறங்காத கையுறையும் ஒன்றல்ல. லேட்டக்ஸ் என்கிற இயற்கை ரப்பர் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு நைட்ரைல் என்கிற செயற்கை ரப்பர் வேண்டும். இன்னொரு மருத்துவமனை அப்போதும் பவுடர் போட்ட கையுறையைத்தான் வாங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் அதை 2017 ஜனவரியிலேயே தடை செய்துவிட்டார்கள் என்று எடுத்துச் சொன்ன பிறகு, 'மாட்டுவது சுலபமாக இருக்குமே' என்று முனகிக்கொண்டே விட்டுக்கொடுத்தார்கள். ஓட்டைச் சோதனையையும் விதியில் எழுதினோம். கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு எங்கே கசிகிறது என்று பார்ப்பார்கள், இத்தனைக்கு இத்தனைதான் கசியலாம் என்று ஒரு வரம்பு உண்டு.

கடைசியில் நாலு மாதிரிகளை வாங்கி, பெட்டியின் மேல் தாளைச் சுற்றி ஒட்டி, எண் மட்டும் எழுதி வார்டுகளுக்குக் கொடுத்தோம். எங்கள் அறுவை அரங்கில் ஒரு மூத்த சிஸ்டர் இருந்தார். குறிப்பிட்ட ஒரு கம்பெனிக் கையுறை தவிர மற்றது எதையும் தொடமாட்டேன் என்று எழுதியே கொடுத்தவர். பெயர் தெரியாமல் போட்டுப் பார்த்தபோது அவர் முதலிடம் கொடுத்தது வேறு ஒன்றுக்கு. தாளைக் கிழித்துக் காட்டியதும் ஒரு நிமிடம் பேசாமல் நின்றவர், "சரி சார், என் கைக்குப் பெயர் படிக்கத் தெரியல" என்றார். அந்த வரியை ரொம்ப நாள் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

டெண்டர் விட்டோம், நிறையப் பேர் கலந்துகொண்டார்கள், விலை குறைந்தது. எங்களுக்குக் கொஞ்சம்தான் குறைந்தது, நாங்கள் ஏற்கெனவே பெரிய அளவில் வாங்குகிறவர்கள். ஏழில் கடைக்குட்டியாக ஒரு மருத்துவமனை இருந்தது, அதற்கு ஸ்டோர், மருந்தகம், கணக்கு எல்லாமே ஒரே மனிதர்தான். அவர்களுக்கு நன்றாகவே குறைந்தது. அவர் அந்த விலைத்தாளை இரண்டு முறை வாங்கிப் பார்த்தது நினைவிருக்கிறது.

அந்தப் பிற்பகல்

நாலாவது மாதமோ ஐந்தாவது மாதமோ, மதியச் சாப்பாடு முடிந்த நேரம், எங்கள் பழைய சப்ளையரின் ஆள் வந்தார். டெண்டரில் தோற்றவர். கோபமெல்லாம் இல்லை, வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார், குடும்பத்தை விசாரித்தார், பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். நாங்கள் ஏழு பேரும் சேர்ந்து வாங்கிய விலைக்குக் கொஞ்சம் கீழே ஒரு விலை. "உங்களுக்கு மட்டும் சார். வெளியில சொல்ல வேண்டாம். நாளைக்கே வண்டி வரும்."

இண்டென்ட் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெட்டிக்குக் கொஞ்சம்தான், ஆனால் எங்கள் அளவுக்குப் பெருக்கினால் வருடத்துக்குக் கண்ணில் படுகிற தொகை. கூட்டு ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். 'உத்தேச அளவு' என்றுதான் இருந்தது, இவ்வளவு எடுத்தே ஆக வேண்டும் என்று எங்கும் இல்லை. அந்த வார்த்தையைப் போட்டதில் எனக்கும் பங்கு உண்டு, எதற்கும் ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொள்வோம் என்று. மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். "பணம் மிச்சம்தானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றார். யோசிக்க ஒன்றும் இல்லைதான். ஆர்டர் போட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து ஒரு பெட்டிகூட நாங்கள் எடுக்கவில்லை. எங்களைப் பார்த்தோ, அவர்களுக்கும் தனியாக ஒரு தாள் வந்ததோ, இன்னும் இரண்டு பெரிய மருத்துவமனைகளும் அப்படியே செய்தன. டெண்டரில் ஜெயித்த கம்பெனியிலிருந்து முதலில் போன் வந்தது, அப்புறம் கடிதம் வந்தது, அப்புறம் எதுவும் வரவில்லை. வருடக் கடைசியில் எங்கள் பிரிவின் 'சேமிப்பு' என்று ஒரு எண் அறிக்கையில் ஏறியது. கைதட்டினார்கள்.

மறு வருட டெண்டருக்கு வந்தவர்கள் பாதிகூட இல்லை. வந்தவர்கள் போட்ட விலை, நாங்கள் சேர்வதற்கு முன்னால் தனித்தனியாக வாங்கிக்கொண்டிருந்த விலையை நெருங்கியிருந்தது. பழைய சப்ளையரைக் கூப்பிட்டேன். "ரப்பர் விலை ஏறிடுச்சு சார்" என்றார். ஏறியிருக்கலாம். ஆனால் அவர் அன்றைக்கு அந்த விலையைக் கொடுத்ததற்குக் காரணம் ரப்பரும் இல்லை, என் சாமர்த்தியமும் இல்லை. பக்கத்தில் ஏழு பேர் சேர்ந்த ஒரு விலை நின்றுகொண்டிருந்தது, அதை உடைப்பதற்குத்தான் அந்தத் தாள். உடைந்த பிறகு தாளுக்கு வேலை இல்லை.

அந்த இரண்டாவது டெண்டரில் விலை பேசி முடிப்பதற்கு முன்னால் ஒரு கூட்டம் போட்டார்கள். ஒருங்கிணைத்தவர் வேறொரு மருத்துவமனையின் கொள்முதல் அதிகாரி, அதிகம் பேசாத அம்மா. யாரையும் குறை சொல்லவில்லை. ஒரு தாளை மட்டும் ஆளுக்கொன்று கொடுத்தார். இரண்டே பத்திகள்: 'சொன்னது', 'எடுத்தது'. எங்கள் வரிசையில் இரண்டுக்கும் நடுவே இருந்த பள்ளத்தைப் பார்க்கக் கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. கடைக்குட்டி மருத்துவமனையின் வரிசையில் இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தன, ஒரு பெட்டி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த மனிதர் தாளைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, நிஜமாகவே தெரிந்துகொள்கிற ஆர்வத்தில், "உங்களுக்கு அந்த விலை எப்படி சார் கிடைச்சுது? எங்ககிட்ட அவங்க யாரும் வரவே இல்லையே?" என்று கேட்டார்.

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஒப்பந்தத்தில் கட்டாயம் இல்லை, பொதுப் பணத்தை மிச்சம் பிடித்தோம் என்றெல்லாம் வரிசையாக வைத்திருந்தேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவரிடம் யாரும் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். அவர் வாங்குகிற நாற்பது, ஐம்பது பெட்டிக்காக யாரும் பெட்ரோல் செலவழிக்க மாட்டார்கள். நாங்கள் மிச்சம் பிடித்ததை அடுத்த வருடம் அவர்தான் கட்டப்போகிறார்.

அளவு இல்லை, வாக்கு

அன்றிலிருந்துதான் இந்த விஷயத்தை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். பெரிய அளவு என்பது தாளில் எழுதுகிற வரைக்கும் வெறும் எண். சப்ளையர் விலையைக் குறைப்பது அந்த எண்ணைப் பார்த்து இல்லை, அந்த எண் நிற்கும் என்று நம்பி. நம்பினால்தான் மூலப்பொருளை முன்கூட்டியே பிடிப்பார், மிஷினை அதற்கென்று ஒதுக்குவார், விற்பனைக்கு ஆள் அனுப்புகிற செலவை விலையிலிருந்து கழிப்பார். நம்பவில்லை என்றால் அந்தப் பயத்துக்கும் சேர்த்து விலை போடுவார். நாங்கள் இரண்டாவது வருடம் கட்டியது அந்தப் பயத்துக்கான காசு.

உலகத்தில் இது நிலைத்து நிற்கிற இடங்களைத் தேடிப் பார்த்தேன். அமெரிக்கக் கண்டத்து நாடுகளுக்காக பான் அமெரிக்கச் சுகாதார அமைப்பு 1977இல் ஒரு தடுப்பூசிச் சுழல்நிதி தொடங்கியது, 1979லிருந்து வாங்க ஆரம்பித்தார்கள். அதில் சேர்ந்த நாடு பெரியதோ ஒரு குட்டித் தீவோ, எல்லோருக்கும் ஒரே விலை. கையில் பணம் இல்லாத நாட்டுக்கு நிதியே முன்பணம் போட்டு வாங்கித் தருகிறது, சரக்கு வந்து 60 நாளுக்குள் திருப்பிக் கட்ட வேண்டும். இதைவிட எனக்குப் பிடித்தது கிழக்குக் கரீபியன் தீவுகள் 1986இல் தொடங்கிய கூட்டு மருந்துக் கொள்முதல். ஒன்பது குட்டி அரசுகள். ஒப்பந்தத்தில் உள்ள மருந்தை வேறு எங்கும் வாங்குவதில்லை என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், பணத்தை அவர்களுடைய பொது மத்திய வங்கியில் தனிக் கணக்கில் போட்டு வைத்து அதிலிருந்து சப்ளையருக்குத் தருகிறார்கள். அந்த மக்கள்தொகையை எல்லாம் கூட்டினாலும் பெரிய எண் வராது. விலையைக் குறைத்ததில் அந்த எண்ணைவிட, நேரத்துக்கு வந்த பணத்துக்கும் காப்பாற்றிய வாக்குக்கும் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாடு மருத்துவச் சேவைக் கழகத்தின் முறையை இந்தக் கண்ணோடு திரும்பப் படித்தபோதுதான் அதன் அழகு புரிந்தது. 1994இல் பதிவாகி, 1995 தொடக்கத்திலிருந்து மருந்து வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தது. அங்கே ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம் மாதிரி ஒரு பாஸ்புக். அதில் பணம் இருக்கும், ஆனால் அதை மருந்தாக மட்டும்தான் எடுக்க முடியும், கழகத்தின் மாவட்டக் கிடங்கிலிருந்து. அவசரத்துக்கு உள்ளூரில் வாங்கிக்கொள்ள ஒரு சின்னப் பங்கு மட்டும் தனியாக. வருகிற மருந்தைக் கம்பெனிப் பெயரை மறைத்துப் பரிசோதனைக்கு அனுப்புவதும் உண்டு (எங்கள் சிஸ்டர் இதற்குச் சாட்சி சொல்வார்). என்னை மாதிரி ஒரு ஆள் அங்கே உட்கார்ந்திருந்தால், பிற்பகலில் தாளோடு வருகிறவரிடம் கொடுக்க அவன் கையில் பெரிய பணம் இருந்திருக்காது. டென்மார்க்கில் 1990இல் தொடங்கிய ஆம்க்ரோஸ் என்ற மருந்துக் கொள்முதல் அமைப்பும் இதே ஜாதிதான். மருத்துவமனைகளை நடத்துகிற பிராந்தியங்களே அதன் முதலாளிகள், மருத்துவமனை மருந்து ஏறக்குறைய முழுவதும் அதன் வழியாகத்தான் போகிறது. இவர்கள் யாரும் ஆட்களின் நல்ல மனதை நம்பி நடத்தவில்லை.

சேராமல் போனால் என்ன ஆகும் என்பதை 2020இல் எல்லோரும் பார்த்தோம். வெண்டிலேட்டருக்காக அமெரிக்க மாநிலங்கள் ஒன்றை ஒன்று முந்தி விலையை ஏற்றிக்கொண்டே போயின. இணையத்தில் ஏலம் எடுப்பது மாதிரி ஐம்பது மாநிலங்கள் மோதுகின்றன என்று நியூயார்க் ஆளுநர் கூமோ அப்போதே புலம்பினார். ஐரோப்பிய நாடுகள் 2009 பன்றிக் காய்ச்சலின்போது இதே மாதிரி தடுப்பூசிக்குத் தனித்தனியாக ஓடிவிட்டு, பிறகு 2014இல் கூட்டுக் கொள்முதல் ஒப்பந்தம் ஒன்றைப் போட்டு வைத்தார்கள்.

அதற்காக எல்லோரும் ஒரே இடத்தில் வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நான் சொல்லவில்லை. எனக்கு இதில் ஒரு பயம் உண்டு. 2017இல் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவை அடித்துப் போட்டபோது அமெரிக்க மருத்துவமனைகளில் சின்ன சலைன் பைகளுக்குத் தட்டுப்பாடு வந்தது, ஏனென்றால் அவற்றைச் செய்கிற ஆலைகள் அந்தத் தீவில். ஏழு வருடம் கழித்து 2024இல் ஹெலீன் புயல் வட கரோலினாவில் ஒரே ஒரு ஆலைக்குள் தண்ணீரைக் கொண்டுவந்தது, அந்த ஆலைதான் நாட்டுக்குத் தேவையான நரம்புவழித் திரவத்தில் ஏறக்குறைய 60 சதவீதத்தைச் செய்துகொண்டிருந்தது. விலையை மட்டும் பார்த்து எல்லோரும் ஒரே கதவைத் தட்டினால் மற்றக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும், அப்புறம் திறந்திருக்கிற கதவுக்கு முன்னால் வெள்ளம் வரும். எங்கள் பழைய சப்ளையர் தோற்றுப்போன கோபத்தில் தொழிலையே விட்டிருந்தால், அதுவும் எங்களுக்கு நஷ்டம்தான். இதை எந்தப் பக்கம் நின்று சொல்வது என்று இப்போதும் எனக்குக் குழப்பம் உண்டு.

மூன்றாவது வருடம் அந்த அம்மா ஒப்பந்தத்தை மாற்றி எழுதினார். 'உத்தேச அளவு' போய், இரண்டு அளவு வந்தது: கட்டாயம் எடுக்கிற அளவு, தேவைப்பட்டால் எடுக்கிற அளவு. கட்டாய அளவில் பெரும்பங்கு முதல் ஆளுக்கு, மீதி இரண்டாவது ஆளுக்கு, ஒருவர் படுத்தாலும் இன்னொருவர் நிற்பதற்காக. பில்லை இத்தனை நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தார், எங்கள் கணக்குப் பிரிவோடு நான் போட்ட சண்டை தனிக் கதை. 'சொன்னது, எடுத்தது' தாள் மாதாமாதம் ஏழு பேருக்கும் போகும் என்று கடைசி வரியில் போட்டார். அதற்கு யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை, சொல்லக் கூச்சமாக இருந்தது.

அளவைக் கொடுக்கக் கடைசி நாள். முதல் வருடம் பெருமைக்காகக் கூட்டி எழுதியவன், இந்த முறை வார்டு வார்டாக நடந்து கேட்டு, ஸ்டாக்கை நானே எண்ணி, முன்பைவிடக் குறைவான ஒரு எண்ணை அனுப்பினேன். சாயங்காலம் அந்த அம்மா கூப்பிட்டார்.

"போன தடவையைவிடக் குறைச்சிருக்கீங்களே சார்?"

"ஆமா மேடம்."

"இது நிக்குமா?"

"நிக்கும்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "சரி, எழுதிக்கிறேன்" என்றார்.